பிளஸ் டூ வீட்டில் கம்ப்யூட்டர்: பௌர்ணமி போக மீதி எத்தனை நாள்?

வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருக்கிறது. "படிப்புக்கு வேண்டும்" என்று சொல்லித்தான் கம்ப்யூட்டர் வாங்கியிருப்பீர்கள். பெட்டியைப் பிரித்து, மானிட்டருக்குப் பொட்டு வைத்து, சூடம் காட்டி ஆன் செய்தாயிற்று. சரி, இதை வைத்துப் படிப்பது எப்படி? பல வீடுகளில் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைப்பதற்குள் காலாண்டுத் தேர்வே வந்துவிடுகிறது. அதுவரை பையன் யூடியூப் பார்ப்பான். "படிக்கிறானா, படம் பார்க்கிறானா" என்று அப்பா அடிக்கடி பின்னால் வந்து நின்று பார்ப்பார்.

இந்தப் பாடத்துக்குப் புதிய சாப்ட்வேர் எதுவும் விலை கொடுத்து வாங்க வேண்டாம். எக்ஸெல் இருந்தால் போதும். இல்லாவிட்டால் லிப்ரே ஆபீஸ் என்ற இலவசத் தொகுப்பை டவுன்லோடு செய்து கொள்ளுங்கள். அதிலுள்ள கால்க், நாம் செய்யப் போகும் எல்லாவற்றையும் செய்யும். அக்கா வீட்டிலோ சித்தப்பா வீட்டிலோ பழைய அரசு லேப்டாப் (2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் வந்தது) தூசி படிந்து கிடந்தால் இந்த வேலைக்கு அதுவே தாராளம்.

திருவண்ணாமலையில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு உட்கார்ந்து செய்து கொடுத்ததைத்தான் இங்கே பாடமாகத் தருகிறேன். கிரிவலப் பாதையில் பூஜைப் பொருள் கடை வைத்திருப்பவர். மகள் பிளஸ் டூ. உயிரியலும் கணக்கும் உள்ள குரூப். பௌர்ணமி என்றால் குடும்பமே கடையில்தான் இருக்கும். கல்லாவில் மகள்.

2025 ஜூனில் கம்ப்யூட்டர் வாங்கிய மறுநாள் கூப்பிட்டார்கள். அந்தப் பெண்ணிடம் கேட்டேன்: "பரீட்சைக்கு இன்னும் எத்தனை நாள்மா இருக்கு?"

"மார்ச் வரைக்கும் இருக்கே மாமா. நிறைய இருக்கு."

அந்த 'நிறைய' எவ்வளவு என்று பார்க்க எக்ஸெலைத் திறந்தோம்.

நாள் கணக்கு ஷீட்

புதிய ஷீட் ஒன்றைத் திறந்து கொள்ளுங்கள். முதல் வரிசையில் தலைப்புகள்: தேதி, வேலை, படிக்க முடிந்த மணி, பாடம், முடிந்ததா. இரண்டாவது வரிசையில் தேதிக் கட்டத்தில் ஜூன் 10 என்று அடியுங்கள். அந்தக் கட்டத்தின் வலது கீழ் மூலையில் சின்னப் புள்ளி போல ஒரு சதுரம் தெரியும். அதன் மேல் மவுஸை வைத்தால் அம்புக்குறி கூட்டல் குறியாக மாறும். அப்படியே அழுத்திப் பிடித்துக் கீழே இழுங்கள். ஜூன் 11, 12, 13 என்று தேதிகள் தானாக நிரம்பிக் கொண்டே போகும். பிப்ரவரி 28 வந்ததும் விடுங்கள். 265-வது வரிசையில் நிற்பீர்கள். அதாவது 264 நாள்.

இங்கே புதியவர்கள் எல்லோரும் விழும் ஒரு குழி இருக்கிறது. நம் ஊர் வழக்கப்படி 3/12 என்று அடித்தால் நமக்கு அது டிசம்பர் 3. கம்ப்யூட்டர் அமெரிக்க முறையில் செட் செய்யப்பட்டிருந்தால் அது மார்ச் 12 என்று எடுத்துக் கொள்ளும். எந்த எச்சரிக்கையும் தராது. அதனால் முதலில் கண்ட்ரோல் பேனலில் ரீஜியன் என்ற இடத்துக்குப் போய் இந்தியா என்று மாற்றிவிடுங்கள். மாற்றிய பிறகும் ஒரு தேதியை அடித்துப் பார்த்து, மாதம் சரியாக வருகிறதா என்று சோதித்துக் கொள்வது நல்லது.

இப்போது காலண்டரை எடுத்து வைத்துக் கொண்டு பௌர்ணமிகளைக் குறித்தோம். ஜூனிலிருந்து பிப்ரவரி வரை ஒன்பது. பௌர்ணமிக்கு முந்தின நாள் சரக்கு அடுக்கும் வேலை, அன்று இரவு முழுவதும் வியாபாரம். ஆகக் குறைந்தது இரண்டு நாள். கார்த்திகை தீபத்துக்குக் கொடியேறினால் பத்து நாள். அந்த ஆண்டு தீபம் டிசம்பர் 3. அந்த மாதப் பௌர்ணமியும் அதோடு ஒட்டியே வந்துவிடுகிறது. ஆக எட்டுப் பௌர்ணமிக்குப் பதினாறும், தீபத்துக்குப் பத்தும் சேர்த்து 26 நாள். 264-ல் 26 போனால் 238.

அவளுடைய குரூப்பில் எத்தனை பாடம் என்று எண்ணச் சொன்னேன். இயற்பியல் 11, வேதியியல் 15, கணிதம் 12, தாவரவியல் 10, விலங்கியல் 12. மொத்தம் 60. தமிழும் ஆங்கிலமும் தனி. 238-ஐ 60-ஆல் வகுத்தால் ஒரு பாடத்துக்கு நான்கு நாள்கூட வரவில்லை. காய்ச்சல், கல்யாணம், காலாண்டு, அரையாண்டு, பொங்கல் எதையும் இன்னும் கழிக்கவே இல்லை.

அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. ஷீட்டையே பார்த்துக் கொண்டிருந்தாள். அப்பாதான் பேசினார்.

"பௌர்ணமிக்கு அவ இல்லாட்டி கல்லாவுல யாருண்ணே உக்கார்றது? அந்த ரெண்டு நாள் வியாபாரந்தான் மாசத்துக்கே சோறு."

அவர் சொன்னதிலும் தப்பில்லை. மாட வீதியிலிருந்து அடி அண்ணாமலை வரை எத்தனையோ வீடுகளில் இதே நிலைமைதான். இங்கே 'பிள்ளையை வேலை வாங்காதீர்கள்' என்று சொல்லிவிட்டு எழுந்து வருவது சுலபம். அதற்குப் பதிலாக மணி என்ற கட்டத்தில் நாள்தோறும் உண்மையாக எவ்வளவு கிடைக்கும் என்று போட்டுப் பார்த்தோம். பள்ளி நாளில் 3, ஞாயிற்றுக்கிழமை 6, பௌர்ணமிக்கு 0. அந்தக் கட்டங்களின் கூட்டுத்தொகைக்குக் கடைசிக் கட்டத்தில் =சம்(சி2:சி265) என்று அடிக்க வேண்டும். (அச்சு வசதிக்காகத் தமிழில் தந்திருக்கிறேன். நீங்கள் ஆங்கில எழுத்தில் அடியுங்கள். சமக்குறியை விட்டுவிட்டால் கணக்குப் போடாது.) பிறகு பௌர்ணமி நாள்களின் பூஜ்யத்தை எடுத்துவிட்டு 2 என்று போட்டால் மொத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று உடனே தெரிந்தது. எக்ஸெலின் பலமே இதுதான். ஒரு எண்ணை மாற்றினால் மொத்தமும் மாறும். அப்பாவும் மகளும் அதை வைத்துக் கொண்டு பேரம் பேசினார்கள். தீபத்துக்கு இரவு 9 மணி வரைதான் கல்லா. ஜனவரி, பிப்ரவரிப் பௌர்ணமிகளுக்குக் கடைப் பக்கமே வர வேண்டாம். போளூரிலிருந்து மச்சான் வருவார். அவர் சம்மதித்ததும் நான் அந்தக் கட்டங்களுக்கு மஞ்சள் நிறம் கொடுத்தேன்.

நீங்கள் வேறு ஊரில் இருக்கலாம். உங்கள் வீட்டுப் பௌர்ணமி எது என்று நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். நெல் அறுப்பாக இருக்கலாம், தறியாக இருக்கலாம், தம்பி தங்கையைப் பார்த்துக் கொள்ளும் வேலையாக இருக்கலாம். முதலில் அதைக் குறியுங்கள், பிறகு பாடங்களைப் போடுங்கள். சுவரில் ஒட்டும் டைம்டேபிள்கள் பத்து நாளில் கிழிவதற்குக் காரணம் அவற்றில் வீட்டு வேலைக்குக் கட்டமே இல்லாததுதான்.

புத்தகமும் போல்டரும்

பிளஸ் டூ பாடநூல்கள் எல்லாம் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் தளத்தில் பி.டி.எப். பைலாகக் கிடைக்கின்றன. தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டும் உண்டு; இலவசம். இப்போதைய பாடத்திட்டம் பிளஸ் ஒன்னுக்கு 2018-19-லும் பிளஸ் டூவுக்கு 2019-20-லும் வந்தது. அதற்கு முந்தைய புத்தகத்தை யாராவது பென் டிரைவில் கொடுத்தால் வாங்காதீர்கள். புத்தகத்தின் உள்ளே கட்டம் கட்டமாக இருக்கும் க்யூ.ஆர். கோடுகளை மொபைலில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான வீடியோ வரும். மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி நிறுவனம் 2023-ல் வெளியிட்ட மணற்கேணி செயலியிலும் பாட வாரியாக வீடியோக்கள் இருக்கின்றன. யூடியூபில் தேடி அலைவதை விட இங்கே பார்ப்பது மேல். பக்கத்தில் சினிமா டிரெய்லர் எட்டிப் பார்க்காது!

டாகுமெண்ட்ஸில் 'பிளஸ் டூ' என்று ஒரு போல்டர். அதற்குள் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு போல்டர். பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண் கொடுத்துவிட்டால் வரிசை மாறாது. பைலுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் தமிழ் கீபோர்டு உள்ளேயே இருக்கிறது. லாங்குவேஜ் என்ற இடத்தில் சேர்த்துக் கொள்ள வேண்டும், அவ்வளவுதான். விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதனால் புதிதாக வாங்குபவர்கள் 11 இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

சான்றிதழ்களுக்கு என்று இன்னொரு போல்டர் கட்டாயம் வேண்டும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம். குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ். கவுன்சலிங் வழியாகத் தொழிற்படிப்பில் சேரும் முதல் பட்டதாரிகளுக்கு 2010-11 முதல் கல்விக் கட்டணச் சலுகை இருக்கிறது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் போதும். ஆனால் மே மாதக் கூட்டத்தில் போய் நிற்காதீர்கள். டிசம்பரிலேயே வாங்கி வைத்து விடுங்கள்.

இந்தப் போல்டரை மூன்று இடத்தில் வையுங்கள். கம்ப்யூட்டரில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, கூகுள் டிரைவிலோ மெயிலிலோ ஒன்று. பென் டிரைவை வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள். இது அதிகப்படி ஜாக்கிரதை என்று முன்பு நானும் நினைத்தவன்தான். 2024 டிசம்பர் 1-ஆம் தேதி, பெஞ்சல் புயல் மழையில், எங்கள் ஊர் வ.உ.சி. நகரில் மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து வீட்டை மூடி ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். அந்த வாரம் ஊரில் யாருக்கும் படிப்பு ஞாபகமே இல்லை. மழையில் பாதித்த பகுதிகளின் பள்ளிகளுக்கு அரையாண்டுத் தேர்வையே ஜனவரிக்குத் தள்ளி வைத்தார்கள். அதற்குப் பிறகு 'வீட்டிலேயே பத்திரமாக இருக்கிறது' என்று யாராவது சொன்னால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை.

மத்திய அரசின் டிஜிலாக்கரிலும் மதிப்பெண் பட்டியலைப் பெற்று வைத்துக் கொள்ளலாம். அதற்குப் பிள்ளையின் ஆதாரில் உள்ள மொபைல் எண் இப்போதும் உங்களிடம் இருக்க வேண்டும். இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

தப்புக் கணக்கு ஷீட்

எனக்குப் பிடித்த பாடம் இதுதான். மார்க் ஏறுவதும் இதில்தான்.

ஒரு சோதனையைச் சொல்கிறேன். அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006-ல் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பாடப்பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு பிரிவினர் படித்துவிட்டு, தாளை மூடி வைத்து, ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது, திரும்பப் படித்தவர்கள்தான் அதிகம் எழுதினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது நிலைமை தலைகீழ். மூடி வைத்து எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் நிறைய ஞாபகம் இருந்தது. 'நேத்து ராத்திரி எல்லாம் தெரிஞ்சுதே, இன்னைக்கு எதுவும் வரலையே' என்று நம் வீட்டுப் பிள்ளைகள் அழுவது எதனால் என்று இதிலிருந்து புரிகிறது அல்லவா?

ஆகவே கம்ப்யூட்டரைப் படிப்பதற்கு அல்ல, சோதிப்பதற்குப் பயன்படுத்துவோம். புதிய ஷீட். தலைப்புகள்: தேதி, பாடம், கேள்வி, விடை, ஏன் தப்பு. பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து எழுதிப் பார்க்கட்டும். சரியாக வந்த கேள்விகளை ஷீட்டில் போட வேண்டாம். தப்பானவை மட்டும். 'ஏன் தப்பு' என்ற கட்டத்தில் மூன்றே வார்த்தைகளில் ஒன்று: 'தெரியாது', 'மறதி', 'அவசரம்'. புதிது புதிதாக எழுதினால் பிறகு பிரிக்க முடியாது.

ஒரு மாதம் கழித்துத் தலைப்பு வரிசையைத் தேர்ந்தெடுத்து, டேட்டா மெனுவில் பில்டர் என்பதைக் கிளிக் செய்யுங்கள். ஒவ்வொரு தலைப்பிலும் சின்ன முக்கோணம் வரும். 'ஏன் தப்பு' முக்கோணத்தைக் கிளிக் செய்து 'அவசரம்' மட்டும் டிக் அடித்தால் மற்றவை மறைந்துவிடும். அந்தப் பெண்ணின் ஷீட்டில் வேதியியலில் 'தெரியாது' நிறைய இருந்தது. கணிதத்தில் பெரும்பாலும் 'அவசரம்'. இரண்டுக்கும் மருந்து வேறு. வேதியியலுக்குப் பாடத்தைத் திரும்பத் தொட வேண்டும். கணிதத்துக்கு டியூஷன் வேண்டாம், கடிகாரம் வேண்டும். அவளுடைய அப்பா கணக்கு டியூஷனுக்குத்தான் பணம் கட்டவிருந்தார்.

ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு ஒரு சின்ன வித்தை. விடை என்ற கட்டத்தின் மேலுள்ள எழுத்தில் ரைட் கிளிக் செய்து ஹைட் கொடுங்கள். விடைகள் மறையும். கேள்வியைப் பார்த்துத் தாளில் எழுதட்டும். பிறகு அன்ஹைட் செய்து திருத்தலாம். படிக்காத அம்மாகூட இதை வைத்துக் கேள்வி கேட்க முடியும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும். அந்த வீட்டில் அம்மாதான் பூ கட்டிக் கொண்டே கேட்பார். ஒரு நாள் கேட்டது மறுநாள், பிறகு நான்கு நாள் கழித்து, பிறகு பத்து நாள் கழித்து என்று இடைவெளி விட்டுக் கேட்டால் இன்னும் நல்லது.

புதிய முறையில் 'இந்தப் பாடத்திலிருந்து இத்தனை மார்க்' என்ற புளூபிரிண்ட் கிடையாது. பாடத்தின் உள்ளிருந்தும் கேட்பார்கள். இயற்பியல் வினாத்தாளை எடுத்துக் கொண்டால் ஒரு மதிப்பெண் 15, இரண்டு மதிப்பெண்ணில் 9-க்கு 6, மூன்றில் 9-க்கு 6, ஐந்து மதிப்பெண் 5. மொத்தம் 70. அந்த 15 வினாக்களில் சாய்ஸ் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

மாதம் ஒரு ஞாயிறு முழுத் தேர்வு வையுங்கள். உண்மையான தேர்வு போலவே 10 மணிக்கு வினாத்தாள், 10.15 முதல் 1.15 வரை எழுதுவது. அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் ஆப். டி.வி.யும் ஆப்தான், அப்பாவுக்கும் சேர்த்து!

கட்-ஆப் கணக்கு

இப்போது பிளஸ் டூவுக்கு மொத்தம் 600 மதிப்பெண். 1200 என்பது பழைய கதை. ஆனாலும் பெரியவர்கள் இன்னும் '1100 வாங்கினாளா' என்று கேட்கிறார்கள். செய்முறை உள்ள பாடத்துக்கு எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. செய்முறை இல்லாத பாடத்துக்கு 90-ம் 10-ம். தேர்ச்சிக்கு 35. அகமதிப்பீடும் செய்முறையும் சேர்ந்து 30 வந்துவிட்டது, இன்னும் 5 போதும் என்று நினைத்துவிடக் கூடாது. எழுத்துத் தேர்வில் 70-க்கு 15-ஆவது, 90-க்கு 25-ஆவது வாங்க வேண்டும்.

தமிழ்நாட்டில் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு 2007-ல் போய்விட்டது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட்-ஆப். பி2-வில் கணிதம், சி2-வில் இயற்பியல், டி2-வில் வேதியியல் மதிப்பெண்ணைப் போட்டு, இ2-வில் =பி2+சி2/2+டி2/2 என்று அடித்து என்டர் தட்டுங்கள். கணிதம் 88, இயற்பியல் 79, வேதியியல் 84 என்றால் 169.5 என்று வரும். இனி எண்களை மாற்றிப் பாருங்கள். கணிதத்தில் நான்கு மார்க் ஏறினால் கட்-ஆப்பும் நான்கு ஏறும். இயற்பியலில் நான்கு ஏறினால் இரண்டுதான். காலாண்டு, அரையாண்டு, திருப்புதல் தேர்வு ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை போட்டு வந்தால் போகும் திசை தெரியும்.

மருத்துவம் என்றால் இந்த ஷீட் உதவாது. தமிழ்நாட்டிலும் 2017 முதல் நீட் தேர்வு மதிப்பெண்தான். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது.

இன்னொரு விஷயம். பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2018-ல் வந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையின்படி 2025-26 முதல் எடுக்கப்பட்டுவிட்டது. அதனால் பிளஸ் ஒன் பாடத்தை ஓரமாக வைத்துவிடலாம் என்று பேச ஆரம்பித்திருக்கிறார்கள். நீட், ஜே.ஈ.ஈ. இரண்டிலும் பதினோராம் வகுப்புப் பாடம் பாதி. பொறியியல் முதலாண்டில் கணக்கில் தடுக்கி விழுபவர்களும் பெரும்பாலும் இந்தப் பாடங்களில்தான் விழுகிறார்கள்.

ஜே.ஈ.ஈ. மெயின் எழுதுவதாக இருந்தால் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒரு நேரடி உபயோகம் உண்டு. அது கம்ப்யூட்டரில் எழுதும் தேர்வு. அதை நடத்தும் தேசியத் தேர்வு முகமையின் தளத்தில் இலவச மாதிரித் தேர்வுகள் இருக்கின்றன. அடுத்த கேள்விக்குப் போவது, திரும்ப வந்து மாற்றுவது, குறித்து வைப்பது ஆகியவற்றை வீட்டிலேயே பழகிக் கொள்ளலாம். மவுஸைப் பிடித்தே பழக்கமில்லாத பிள்ளை தேர்வு அறையில் அதைக் கற்றுக் கொள்ள நேரம் இருக்காது.

யாருடைய மொபைல் எண்?

என் அக்கா மகன் கதையைச் சொல்லாமல் முடிக்க முடியாது. சில ஆண்டுகளுக்கு முன் பொறியியல் கவுன்சலிங்குக்கு ஒரு பிரவுசிங் சென்டரில் விண்ணப்பித்தான். அங்கிருந்தவர் வேலை வேகமாக முடியட்டும் என்று தன் மொபைல் எண்ணையும் தன் மெயில் முகவரியையும் போட்டுவிட்டார். பாஸ்வேர்டும் அவரிடமே. யாரும் கவலைப்படவில்லை. கல்லூரிப் பட்டியல்கூட ஒழுங்காகக் கொடுத்தார்கள். தற்காலிக ஒதுக்கீடு வந்தது. அதை இரண்டு நாளுக்குள் தளத்துக்குள் போய் உறுதி செய்ய வேண்டும். செய்தி அவருடைய போனுக்குப் போயிற்று. அவர் ஏதோ விசேஷத்துக்கு வெளியூர் போயிருந்தார், கடை பூட்டு. இவன் மூன்றாம் நாள்தான் விசாரித்தான். ஆசைப்பட்ட கல்லூரியில் கிடைத்த இடம் போயிற்று. அக்கா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அந்தக் கடைக்காரர் கெட்டவர் இல்லை. அரசு உதவி மையத்துக்கு உடனே போயிருந்தால் ஏதாவது வழி கிடைத்திருக்குமோ என்னவோ, அதுவும் எங்களுக்கு அப்போது தெரியாது.

ஆகவே, கம்ப்யூட்டர் வாங்கிய முதல் வாரத்திலேயே பிள்ளையின் பெயரில் ஒரு மெயில் முகவரி உருவாக்குங்கள். விளையாட்டுப் பெயர் வேண்டாம். பெயரும் இனிஷியலும் போதும். அதற்கான மொபைல் எண், ரீசார்ஜ் நின்றுபோகாத எண்ணாக, அப்பா அல்லது அம்மாவுடையதாக இருக்கட்டும். பள்ளி, கவுன்சலிங், உதவித்தொகை எல்லாவற்றுக்கும் அதே எண், அதே முகவரி. பாஸ்வேர்டுகளை ஒரு நோட்டில் எழுதி அலமாரியில் வையுங்கள். 'எழுதி வைக்கக் கூடாது' என்பது ஆபீஸுக்கான விதி. வீட்டில் ஞாபகம் வைக்கிறேன் என்று மறந்து போவதுதான் பெரிய ஆபத்து. ஓ.டி.பி.யை மட்டும் போனில் யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

தளத்தின் முகவரியையும் பார்த்துப் பழகுங்கள். தேர்வுத்துறை, பாடநூல் கழகம் போன்ற அரசுத் தளங்கள் 'ஜி.ஓ.வி. டாட் இன்' அல்லது 'என்.ஐ.சி. டாட் இன்' என்று முடியும். பொறியியல் கவுன்சலிங் தளம் 'ஓ.ஆர்.ஜி.' என்று முடிவதால் இந்த விதி அங்கே உதவாது. அதற்குத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் தளத்தைத் திறந்து, அங்கிருந்து கிளிக் செய்து போங்கள். கூகுளில் தேடினால் மேலே விளம்பரமாக வருவதைத் தொட வேண்டாம்.

ரிசல்ட் அன்று

ரிசல்ட் வரும் காலையில் தளம் திணறும். ரெஃப்ரெஷ் பட்டனை அடித்துக் கொண்டே இருப்பதால் பயன் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து முயலுங்கள், டிஜிலாக்கரிலும் பாருங்கள். பதிவு எண், பிறந்த தேதி இரண்டையும் முந்தைய நாளே ஒரு தாளில் எழுதி கம்ப்யூட்டர் மேல் ஒட்டி வையுங்கள். பிள்ளையே முதலில் பார்க்கட்டும். உறவுக்காரர்கள் பின்னால் கூடி நிற்க வேண்டாம்.

மார்க் குறைவு என்று தோன்றினால் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கலாம். அது ஸ்கேன் செய்த பைலாக இன்டர்நெட்டிலேயே கிடைக்கும். கூட்டலில் தப்பா, திருத்தாமல் விட்ட பக்கம் இருக்கிறதா என்று பாட ஆசிரியரிடம் காட்டிவிட்டு, பிறகு மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ போங்கள். இதற்கெல்லாம் சில நாள்தான் அவகாசம் தருவார்கள். தேர்ச்சி பெறாதவர்களுக்கு அதே கோடையில் துணைத்தேர்வு நடக்கும். எழுதித் தேறினால் அந்த ஆண்டே கல்லூரியில் சேரலாம். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. பிள்ளை பேசாமல், சாப்பிடாமல், கதவைச் சாத்திக் கொண்டு இருந்தால் 14416-க்குப் போன் செய்யுங்கள். அது டெலி மனஸ் என்ற மனநல உதவி எண். எந்த நேரமும், தமிழிலும், இலவசமாகப் பேசலாம். இந்த இரண்டு எண்களையும் அந்தத் தாளிலேயே, பதிவு எண்ணுக்குக் கீழே, எழுதிவிடுங்கள்.

அந்தக் கடைக்காரர் வீட்டில் பிரிண்டர் இல்லை. நாள் கணக்கு ஷீட்டை பென் டிரைவில் எடுத்துப் போய் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டோம். நீளமான ஷீட்டைப் பிரிண்ட் செய்யும்போது பேஜ் லேஅவுட்டில் 'விட்த்' என்ற இடத்தில் ஒரு பக்கம் என்று கொடுங்கள். இல்லாவிட்டால் 'முடிந்ததா' என்ற கடைசிக் கட்டம் மட்டும் தனித்தாளில் போய் விழும். எங்களுக்கு முதல் தடவை அப்படித்தான் விழுந்தது. பதினைந்து ரூபாய் தண்டம்.